கண்ணுக்குத் தெரியாத சிவப்பு, கருப்பாய்த் தீட்டும் நீலம்

டெல்ஃப்ட் நகரத்தில் மண் தட்டில் பூ வரைகிறவரின் கிண்ணத்தில் இருப்பது கருப்புச் சாந்து. வரைந்து முடித்த தட்டு கருப்பு வெள்ளையாகத்தான் சூளைக்குள் போகும். சுட்டு, ஆறி, வெளியே எடுக்கும்போது கருப்பு இருந்த இடமெல்லாம் நீலம். நெதர்லாந்தின் அந்தச் சின்ன ஊருக்கு உலகமெங்கும் பெயர் வாங்கிக் கொடுத்த நிறத்தை, வரைந்த கை வரையும்போது பார்ப்பதே இல்லை.

நம் சோழமண்டலக் கரையில் துணியில் பூ வரைந்தவர்கள் செய்தது இன்னும் அதிசயம். சிவப்பு வரவேண்டிய இடத்தில் அவர்கள் தீட்டியது படிகாரம் கரைத்த தண்ணீர். காய்ந்தால் சுவடே தெரியாது. பிறகு துணி முழுவதையும் சாயத்தில் போட்டுக் காய்ச்சுவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும், மற்ற இடம் வெள்ளையாகத் திரும்பிவிடும்.

இந்த இரண்டு வித்தைகளையும் 17ஆம் நூற்றாண்டில் ஒரே வியாபாரம் தொட்டுக்கொண்டிருந்தது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நெதர்லாந்தில் ஆறு நகரங்களில் கிளை. அதில் ஒன்று டெல்ஃப்ட். சோழமண்டலக் கரையில் அதன் தலைமை இடம் பழவேற்காடு. டெல்ஃப்டுக்குப் போக விமானம் ஏறவேண்டும். சென்னையில் இருப்பவர்கள் பழவேற்காட்டுக்குக் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

பொன்னேரி வரை புறநகர் ரயில், அங்கிருந்து பஸ். எல்லாம் சேர்த்து 60 கிலோமீட்டர் வரும். ஊரை நெருங்கும்போதே தண்ணீர் தெரியத் தொடங்கும். ஏரி என்று சொல்கிறோம், உண்மையில் அது காயல். கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே மணல்திட்டு பிடித்து வைத்திருக்கும் உப்புத் தண்ணீர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய காயல் இதுதான். வடக்கே ஆந்திரத்துக்குள் நீண்டு சுமார் 60 கிலோமீட்டர் போகிறது. கடலை மறித்து நிற்கும் மணல்தீவுதான் ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பல இடங்களில் ஏரி நடுவே இறங்கி நின்றாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது.

இந்த ஏரியின் உயிர் அதன் முகத்துவாரத்தில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் அலை சற்றுச் சாய்ந்து வந்து மோதுகிறது. அதனால் ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டுப் போகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த மணல் ஓட்டம் முகத்துவாரத்தை அடைக்கப் பார்க்கிறது. அடைப்பை வெளியே தள்ளவேண்டிய வேலை கடலின் ஏற்ற இறக்கத்துக்கு. இந்தக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கோடையில் ஆற்று வரத்தும் நின்றுவிட்டால் மணல் ஜெயித்துவிடும், வாய் தூர்ந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தோடு வரும்போது மறுபடி உடைத்துக்கொண்டு திறக்கும்.

வாய் திறந்து மூடுவதால் ஏரியின் உப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அடைமழையில் ஏரியின் சில பகுதிகள் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் ஆகிவிடும், கோடையில் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். இந்தப் போக்குவரத்தை நம்பித்தான் வெள்ளை இறாலின் வாழ்க்கை. தாய் இறால் முட்டையிடுவது கடலில். ஒரு சென்டிமீட்டர் நீளக் குஞ்சு, ஏற்ற நீரோடு ஏரிக்குள் வந்து சேற்றை மேய்ந்து வளரும். சில மாதம் கழித்து இறக்க நீரோடு கடலுக்குத் திரும்பும். திரும்புகிற வழியில் வலை காத்திருக்கும். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடம் எல்லாருக்கும் வேண்டும் என்பதால், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்கள் ‘பாடு’ என்ற முறையை வைத்திருக்கிறார்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை பிரித்துக்கொள்வது அது. வலையே இல்லாமல் இறால் பிடிப்பவர்கள் இருளர் பெண்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப்பறியில் போடுவார்கள். இரண்டு கையும் வேட்டைக்கு வேண்டும், அதனால் கூடையைப் பிடிப்பது வாயின் வேலை.

கரையில் கால் வைத்தால் கிளிஞ்சல் நொறுங்கும். சேற்றுக்குள் வாழும் மட்டிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை இழுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. மட்டி செத்தாலும் ஓடு அழிவதில்லை. காலம் காலமாகப் படிந்த கிளிஞ்சலைத் தோண்டி எடுத்துச் சுண்ணாம்பு சுடுவது இந்த ஏரிக்கரையில் பழைய தொழில். கிளிஞ்சலில் இருக்கும் இந்தக் கால்சியம் சாயத் தொட்டியிலும் டெல்ஃப்ட் சூளையிலும் மறுபடி வரப்போகிறது.

1609 வாக்கில் இங்கே வியாபாரம் தொடங்கிய டச்சுக்காரர்களின் கிடங்கை 1612இல் போர்த்துகீசியர் வந்து அழித்தார்கள். உடனே கோட்டை எழும்பியது. 1613இல் முடிந்த அதன் பெயர் கெல்ட்ரியா, கட்டிய அதிகாரி வெம்மர் ஃபான் பெர்கமின் சொந்த மாகாணத்துப் பெயர். இன்று அங்கே அகழியும் புதர் மூடிய மேடும்தான் மிச்சம். தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் நல்ல நிலையில் இருக்கிறது. வாசல் தூண்களில் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே கல்லின் அருகே உட்கார்ந்து பாருங்கள். சில கற்களில் எழுத்தைக் குழித்து வெட்டவில்லை. எழுத்தைச் சுற்றியுள்ள கல்லை எல்லாம் செதுக்கித் தள்ளி, எழுத்தைப் புடைப்பாக நிற்கவிட்டிருக்கிறார்கள். ஒரு உளி தவறினால் ஒரு எழுத்து போச்சு.

பெரிய கப்பல் ஏரிக்குள் வரமுடியாது. அது வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு சிறு படகுகளில் முகத்துவாரம் வழியாகப் போய்வரும். இவ்வளவு சிரமப்பட்டு இங்கே என்ன வேலை? டச்சுக்காரர்களுக்கு வேண்டியது ஜாதிக்காயும் கிராம்பும். அவை விளைவது இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில். அங்கே இருப்பவர்கள் ஐரோப்பியச் சரக்கைச் சட்டை செய்யவில்லை, சோழமண்டலத் துணியைத்தான் கேட்டார்கள். பழவேற்காட்டுத் துணி மலாக்கா வரை போவதை டச்சுக்காரர் வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்பே போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா எழுதி வைத்திருக்கிறார். 1612இல் கம்பெனி அதிகாரி ஹெண்ட்ரிக் ப்ரூவர், இந்தத் துணி இல்லாவிட்டால் மசாலாத் தீவு வியாபாரமே செத்துவிடும் என்று தம் மேலாளர்களுக்குத் தெரிவித்தார். மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் பழவேற்காட்டின் பெயர்தான் வழங்குகிறது.

கோட்டைக்குள் வெடிமருந்தும் செய்தார்கள், அது பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போயிற்று. மனிதர்களும் போனார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களையும் பிடித்துவரப்பட்டவர்களையும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏற்றியிருக்கிறது கம்பெனி. அவர்களுக்குப் புடைப்பெழுத்துக் கல் எதுவும் இல்லை.

துணிக்கு வருவோம். பருத்திக்குச் சாயம் ஏற்றுவது பட்டு, கம்பளிக்கு ஏற்றுவதைவிடக் கஷ்டம். அவை விலங்கின் புரதம், சாயத்தை எளிதில் பிடித்துக்கொள்ளும். பருத்தி வெறும் செல்லுலோஸ். சாயம் மேலே ஒட்டும், முதல் சலவையில் ஓடிவிடும். நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஓர் உலோக உப்பு தேவை. அதன் பெயர் நிறமூன்றி. படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் அப்படி ஒரு நிறமூன்றி. ஐரோப்பா இதைப் பருத்தியில் சரியாகச் செய்யத் தெரியாமல் தவித்த காலத்தில், நம் சாயக்காரர்கள் அதைத் தூரிகையால் வரையும் அளவுக்குத் தேர்ந்திருந்தார்கள்.

முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறி உலோகத்தைப் பிடிக்கத் தயாராக இருக்கும். பாலின் கொழுப்பு, தீட்டும் திரவம் பரவிக் கசியாமல் தடுக்கும். அடுத்து, ஊசியால் துளையிட்ட காகிதத்தைத் துணிமேல் விரித்துக் கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள், கோலம் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். கருப்புக் கோட்டுக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் போட்டுப் புளிக்கவைத்த நீர். அது கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்ட உடனே கருக்கும். சிவப்புக்குப் படிகார நீர். கண்ணுக்குத் தெரியாத நீரால் எப்படிப் பூ வரைவது? அதில் கொஞ்சம் பதங்கக் கட்டைச் சாயத்தைக் கலந்துகொண்டார்கள். நிலைக்காத அந்த மெல்லிய நிறம் கைக்கு வழி காட்டிவிட்டுப் பின்னால் கரைந்துபோகும். 1742இல் இந்த முறைகளை விசாரித்துக் கடிதமாக எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் கூர்து, இப்படிப்பட்ட நுணுக்கங்களைப் படிப்படியாகப் பதிந்திருக்கிறார்.

அப்புறம் சாயவேர். இம்பூறல் என்றும் சொல்லும் சிறு செடியின் மெல்லிய வேர் அது. மணற்பாங்கான கரையில் வளரும். அதை இடித்துத் துணியோடு கொதிக்கவைத்தால் அலிசரின் என்ற மூலக்கூறு நீரில் இறங்கும். அதன் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆக்சிஜன் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து அலுமினியத்தைக் கவ்விக்கொள்ளும், கவ்விய பிறகுதான் அந்த ஆழ்ந்த சிவப்பு. அலுமினியம் இல்லாத இடத்தில் லேசான கறை மட்டும் படியும். துணியைச் சாண நீரில் நனைத்து, நாள்கணக்கில் தண்ணீர் தெளித்து வெயிலில் போட்டால் அந்தக் கறை வெளுத்துவிடும். படிகாரத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்தே ஒரே தொட்டியில் கருஞ்சிவப்பும் ரோஜா நிறமும் எடுத்தார்கள், இரும்பும் படிகாரமும் கலந்து ஊதாவும் எடுத்தார்கள். ஒரு சாயம், பல நிறம். எனக்கு இந்தக் கரையின் கைத்தொழில்களில் இதைவிடப் பெரிய மூளை எதிலும் தெரியவில்லை.

இங்கேதான் கிளிஞ்சல் வருகிறது. அலுமினியத்தோடு கால்சியமும் சேர்ந்தால்தான் அலிசரின் சிவப்பு முழுப் பொலிவோடு நிற்கும் என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. சாயக்காரர்களுக்கு வாய்பாடு தெரியாது, மண் தெரியும். கிளிஞ்சல் கலந்த கடற்கரை மண்ணில் விளைந்த வேருக்குத்தான் மவுசு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டுவதை டச்சுக்காரர்கள் தங்கள் ஆட்சியில் தங்கள் பிடிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. ஆம்ஸ்டர்டாம் மறைந்துவிட்டது. நெடுந்தீவை மட்டும் வரைபடங்கள் இன்றும் டெல்ஃப்ட் என்கின்றன.

நீலத்துக்கு வேறு வழி. அவுரி நீலம் நீரில் கரையாது. புளிக்கவைத்த தொட்டியில் ஆக்சிஜன் போனதும் அது கரைந்து மஞ்சள் கலந்த பச்சையாகும். நீலம் ஏறவேண்டிய இடத்தைத் தவிர மற்றதை மெழுகால் மூடித் துணியைத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். வெளியே வரும்போது பச்சை. காற்றுப் படப்படக் கண்முன்னே நீலமாகும்.

இனி டெல்ஃப்ட். 1603இல் டச்சுக்காரர்கள் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார்கள். அதில் இருந்த சீனப் பீங்கான் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டதும் நீல வெள்ளைத் தட்டு மேல் ஐரோப்பாவுக்கே மோகம் பிடித்தது. பீங்கானுக்குத் தனி வெள்ளைக் களிமண் வேண்டும், 1300 டிகிரிச் சூடு வேண்டும். அந்த ரகசியம் ஐரோப்பாவில் கைகூடியது 1708 வாக்கில், அதுவும் ஜெர்மனியில். அதுவரை காத்திருக்காமல் டெல்ஃப்ட் குயவர்கள் சாதாரணக் களிமண்ணுக்குப் பீங்கானின் வெண்மையை வரவழைத்தார்கள்.

அதற்கு உதவியது வெள்ளீயம். மண்பாண்டத்தின் மேல் உருகிக் கண்ணாடியாகப் படியும் பூச்சுக்கு மெருகு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மணலும் காரீயமும் சேர்ந்த மெருகு கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், உள்ளே மண் நிறம் தெரியும். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள் வெள்ளீய ஆக்சைடு சேர்த்தால் மெருகு பால் வெண்மையாகிவிடும். இத்தனைக்கும் அந்தத் துகள் வெள்ளைச் சாயம் கிடையாது, நிறமற்ற நுண்படிகம். ஒரு கல்லுப்பை எடுத்துப் பார்த்தால் ஒளி ஊடுருவும், பொடித்துக் குவித்தால் வெள்ளையாகும். அதே கதைதான் இங்கேயும். ஒவ்வொரு படிகத்திலும் ஒளி வளைந்து சிதறி, எல்லா நிறமும் கலந்தே வெளியே வருகிறது, கண் அதை வெள்ளை என்கிறது.

வெள்ளைத் தோல் கிடைத்துவிட்டது, ஆனால் அது உடம்போடு ஒட்டி இருக்கவேண்டும். சுட்ட தட்டு ஆறும்போது மண்ணும் மெருகும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் மெருகில் மயிரிழை விரிசல் ஓடும், இல்லாவிட்டால் பொரிந்து உதிரும். டெல்ஃப்ட் குயவர்கள் உள்ளூர்க் களிமண்ணோடு வெளியூரிலிருந்து வந்த சுண்ணாம்பு மண்ணைக் கலந்தார்கள். கால்சியம் கலந்த மண் மெருகுக்கு இணையாகச் சுருங்கும். இன்னொரு உபகாரமும் உண்டு. களிமண்ணின் இரும்பு சூளையில் செங்கல் நிறம் காட்டும், கால்சியம் அந்த இரும்பைத் தன் சேர்மங்களுக்குள் இழுத்து வைத்துக்கொள்வதால் மண் வெளிர்மஞ்சளாக வேகும்.

ஒரு தடவை சுட்ட தட்டு தண்ணீரை உறிஞ்சும் நிலையில் இருக்கும்போது மெருகுக் குழம்பில் முக்குவார்கள். தண்ணீர் உள்ளே போக, மேலே மாவாக வெள்ளைப் படலம் நிற்கும். அந்த மாவின் மேல்தான் ஓவியம். கோலத்தை இறக்க அவர்கள் செய்தது என்ன தெரியுமா? ஊசித்துளைக் காகிதம், கரித்தூள் மூட்டை. நம் கரையில் துணிக்குச் செய்த அதே உபாயம். தூரிகை தொட்டதும் மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அழிக்க வழியில்லை. பிறகு மேலே தெளிந்த மெருகைத் தூவி மறுபடி சுமார் 1000 டிகிரியில் சுட்டால், கோட்டிலிருந்த கோபால்ட் ஆக்சைடு கண்ணாடிக்குள் கரையும். நான்கு ஆக்சிஜன் சூழ உட்கார்ந்த கோபால்ட் அயனி பச்சை முதல் சிவப்புவரை உள்ள ஒளியின் பெரும்பகுதியை விழுங்கி நீலத்தை விட்டுவைக்கும். கண்ணாடியில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வேண்டாம், அதிலேயே நீலம் அடித்து நிற்கும்.

1644இல் சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்து பீங்கான் வரத்து தடைபட்டது. டெல்ஃப்டுக்கு யோகம் அடித்தது. நொடித்துப்போன மதுவடிசாலைகளைக் குயவர்கள் வாங்கிப் பழைய பெயரிலேயே சூளை வைத்தார்கள். 1654 அக்டோபர் 12ஆம் தேதி நகரின் வெடிமருந்துக் கிடங்கில் சுமார் 30 டன் மருந்து வெடித்து ஊரின் ஒரு பெரிய பகுதி சாய்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1653இல் தொடங்கிய ஒரு பட்டறை இன்றும் அங்கே தட்டு வரைந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கம், பழவேற்காட்டின் தலைமைப் பதவி 1690இல் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று, 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

நம் பழைய துறைமுகங்களில் அயல்நாட்டு ஓடு கிடைப்பது உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் சீன ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. காக்கப்பட்ட இடங்களில் எதையும் தோண்டக்கூடாது, எடுக்கவும் கூடாது. அருங்காட்சியகத்தில் ஒரு நீல வெள்ளை ஓடு கண்ணில் பட்டால் அதன் உடைந்த விளிம்பைப் பாருங்கள். உள்ளேயும் வெள்ளையாக, மழமழவென்று இருந்தால் பீங்கான். உள்ளே வெளிர்மஞ்சள் மண், மேலே வெள்ளைத் தோல், ஓரத்தில் தோல் பொரிந்த தடம் என்றால் வெள்ளீய மெருகு. சந்தேகம் வந்தால் ஊடுகதிர்க் கருவி தீர்த்துவைக்கும். ஓட்டின் மேல் கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிர் விடும், ஓடு சேதமாகாது. டெல்ஃப்டுக்கு கோபால்ட் வந்தது ஜெர்மனியின் சாக்சனிச் சுரங்கங்களிலிருந்து, அதனோடு நிக்கலும் ஆர்செனிக்கும் சேர்ந்தே வரும். சீனாவின் உள்ளூர் கோபால்ட்டில் மாங்கனீசு தூக்கலாக இருக்கும்.

துணிக்கும் இப்படி ஒரு சோதனை இருக்கிறது. ஐரோப்பியர் சிவப்புக்குப் பயன்படுத்திய மஞ்சிட்டி இனத்து வேரில் அலிசரினோடு பர்ப்யூரின் என்ற இன்னொரு சாயமும் உண்டு. நம் சாயவேரில் அலிசரின் உண்டு, பர்ப்யூரின் கிடையாது. அருங்காட்சியகத்துச் சிவப்புப் பூவிலிருந்து சில மில்லிமீட்டர் நூலை எடுத்துக் கரைத்து, அதிலுள்ள மூலக்கூறுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால், அது எந்த வேரின் சிவப்பு என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடுகிறார்கள்.